அரைப்பேர்

எட்டாம் நம்பர் மலையில்
மானாப்புல் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில்
ஒரு எல்லைக்கல்.
வெள்ளைக்காரன் வெட்டிய எழுத்து பாசிக்குள் போய்விட்டது.
அங்கேதான் கிடந்தது.
முன்னங்கால் இரண்டும் கம்பெனி மண்ணில்,
பின்னங்கால் அரசாங்கத்தின் காட்டில்,
இடுப்பில் வயர்.

முதலில் பார்த்தவள் நான்.
காட்டுப்பூனை என்று நினைத்து
வாதை விலக்கினேன்.
மஞ்சள் கண் என்னைப் பார்த்தது,
பெரட்டுக்குப் பிந்தி வந்தவளைத்
தொரை பார்ப்பது மாதிரி இல்லை,
வேறு மாதிரி.

கங்காணி விசில் ஊதினார்.
பதினெட்டுப் பெண்களும் கீழே ரோட்டுக்கு.
ஆபீசில் கிளாக்கர் போனை என்னிடம் நீட்டுமுன்
காதருகே சொன்னார்:
கொட்டியா என்று வாய் தவறியும் சொல்லாதே,
திவியா என்று சொல்,
போலீஸ்காரன் வேறு விதமாய் எடுத்துக்கொள்வான்.
எங்களுக்கு அது என்றும் புலிதான்.
அன்றைக்கு மட்டும்
சிறுத்தை என்று மரியாதையாய்ச் சொல்லிப் பழகினோம்.

பிரதேச சபை: நாய் என்றால் எங்களுடையது.
போன மாதம் இதே மிருகம் தின்ற
யோகராணியின் நாயைச் சொன்னோம்.
செத்த நாய்க்குப் படிவம் இல்லை என்றார்கள்.
கண்டியில், மாகாண சபையில்,
பியூன் மட்டும் போனை எடுத்தார்.
மெம்பர்மார் வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காச்சு,
இருந்தாலும் காட்டு மிருகம் கொழும்பின் காரியம்,
எங்களுக்கு முயல்மேல்கூட அதிகாரம் இல்லை என்று
வருத்தமாகவே சொன்னார்.
காட்டிலாகா: மரம் எங்கள் பொறுப்பு,
அது மரத்திலா இருக்கிறது?
வனஜீவராசி: டாக்டர் ஒரு யானையோடு நிற்கிறார்,
வருவார், அதுவரை யாரும் கிட்டப் போகாதீர்கள்.
தொரை: தோட்டத்தின் பெயர் பேப்பரில் வரக்கூடாது.

சாகட்டும் என்றாள் செவனம்மா.
அவள் முதுகில் பதினொரு தையல்.
அந்தக் காசுக்கு
இதே ஆபீஸ்களுக்கு இதே வரிசையில்
நானும் கூட அலைந்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் பனி இறங்கி
எல்லைக்கல்லை எடுத்துக்கொண்டது.
கொஞ்ச நேரம் புலி
யாருடையதாகவும் இல்லாமல்
வெறும் மூச்சுச் சத்தமாக இருந்தது.

அந்த வயரைக் காலையிலேயே பார்த்துவிட்டேன்.
ஒரு முனையில் நீலப் பெயின்ட்.
என் கொழுந்தன் ஜெயசீலனின் ஆட்டோ
அதே நீலம்.
பன்றிக்கு வைத்தது.
ஐந்து பாத்தி மரவள்ளியைப் பன்றி கிளறியபோது
கொழும்பும் வரவில்லை, கண்டியும் வரவில்லை.
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு ஜீப்.
ஹேரத் என்று ஒரு சின்ன டாக்டர்,
சப்பாத்தில் இன்னும் காயாத யானைச் சேறு.
அவருக்குப் பின்னால் மூன்று ஆபீசர்மார்
யார் கையெழுத்து வைப்பது என்று பேசிக்கொண்டிருக்க,
அவர் எல்லைக்கல்மேல் முழங்கையை ஊன்றி
ஊசியைச் சுட்டார்.

கொழுந்துப் படங்கில் வைத்து
நாங்கள்தான் தூக்கினோம், செவனம்மாவும்.
வால் வெளியே தொங்கியது.
எடுத்து உள்ளே வைத்தேன்.
சூடாக இருந்தது.
நான் நினைத்ததைவிடப் பாரம் குறைவு.

எங்கே விட்டார்கள் என்று சொல்லவில்லை.
பிழைத்துவிட்டது என்கிறான் ஜீப் டிரைவர்.
நோர்வூட் கடைவீதியில் வேறு கதை.
தோட்டத்துக்கு இரண்டு கடிதம் வந்தது,
ஒன்று கண்டியிலிருந்து, ஒன்று கொழும்பிலிருந்து,
இரண்டும் சிங்களத்தில்,
இரண்டும் விளக்கம் கேட்டு.
கிளாக்கர் இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டார்.

அன்றைக்குக் கொழுந்து எட்டுக் கிலோ.
செக்ரோலில்
பதினெட்டுப் பேருக்கும் அரைப்பேர்.
மற்றப் பாதி யாருடைய கணக்கு என்று
செவனம்மா கேட்டாள்.
கணக்கப்பிள்ளை பேனையை மூடினார்.

சனிக்கிழமை ஜெயசீலன்
ஹட்டனிலிருந்து புது கிளச் வயர் வாங்கி வந்தான்.
ஆட்டோவுக்கு என்றான்.
சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.
ஒரு ஆட்டோவுக்கு எத்தனை முழம் வேண்டும் என்று
எனக்குத் தெரியாது.
யாரிடம் கேட்பது என்றும்.